மேலே வழி இல்லாத தண்ணீர்

மறைமலைநகரைச் சுற்றிக் குகைகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த ரயில் நிலையமான சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மர் இருப்பதே பாறையைக் குடைந்த கருவறையில்தான். செங்கல்பட்டைத் தாண்டினால் வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள். கடற்கரைப் பக்கம் போனால் சாளுவன்குப்பத்துப் புலிக்குகையும் மாமல்லபுரத்து மண்டபங்களும். இவை எல்லாமே உளியால் வந்தவை. தண்ணீர் குடைந்த குகை ஒன்றுகூட இந்த வட்டாரத்தில் கிடையாது.

காரணம் கல். பல்லாவரம் முதல் மாமல்லபுரம் வரை நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லும் பாறையில் பெரும்பகுதி சார்னோக்கைட் வகை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அடித்தளமிட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கல்லறைக்கு உரியவரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். நம்மூர்க் கல்லுக்கு ஒரு வெள்ளைக்காரரின் சமாதி வழியாகப் பெயர் வந்திருக்க வேண்டாம்தான். அது கிடக்கட்டும். இந்தப் பாறை மழைநீரில் கரையாது. சுண்ணாம்புப் பாறை கரையும். மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மென்மையான அமிலமாகிறது, பாறையின் விரிசல்களில் இறங்கி ஆயிரமாயிரம் ஆண்டுகளில் சுரங்கமே அமைத்துவிடுகிறது. ஆந்திரத்தின் பேலம் குகை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்வது இப்படித்தான். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இத்தகைய குகைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது அவை உலர்ந்த குகைகள். கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி வளரும் சுண்ணாம்புத் தூண்கள் காற்றில்தான் உருவாகும். அந்தத் தூண்கள் இன்று நீருக்கடியில் நிற்கின்றன. அந்த அழகுதான் ஆட்களை உள்ளே இழுக்கிறது.

அப்படியானால் செங்கல்பட்டு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு குகை முக்குளிப்பைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? குகையின் ஆபத்துக்குக் குகையே தேவையில்லை என்பதால். அதற்கு முதலில் நம் கடலுக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனின் சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளோரேஷன் சொசைட்டியும் சேர்ந்து மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே முக்குளித்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கற்சுவர்கள், படிகள் போன்ற அமைப்புகள், சிதறிய செதுக்குக் கற்கள் தென்பட்டன. ஏழு கோயில்கள் என்ற பழைய கதைக்கு மீண்டும் உயிர் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது கல்வரிசைகளைப் பார்த்ததாக ஊர்மக்கள் சொல்ல, அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் இறங்கின. கற்களின் மேல் கடலுயிர்கள் அடர்ந்து படிந்திருப்பது அங்கே வேலையைக் கெடுத்தது. ஆனால் அந்த முக்குளிப்பாளர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் திறந்த கடல் இருந்தது. சிலிண்டர் தீர்ந்தாலும், முகக்கண்ணாடி கழன்றாலும், பயம் பிடித்தாலும், எட்டு மீட்டர் மேலேறினால் காற்று. ஒரு நிமிட வேலை.

அந்த ஒரு நிமிடத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றில் நீந்திப் பழகியவருக்குத் தண்ணீருக்குள் முதல் பாடம் மூச்சடக்குவது. சிலிண்டரோடு இறங்குபவருக்கு முதல் பாடம் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகக்கூடும். இதற்கு ஆழம்கூடத் தேவையில்லை, இரண்டு மீட்டரே போதும். நல்ல நீச்சல்காரரின் பழக்கமே அவருக்கு எதிரியாகும் முதல் இடம் இது.

குகையில் அந்த ‘மேலே’ என்பதே இல்லை. கைநீட்டினால் பாறை. வந்த வழியே திரும்பினால்தான் காற்று. வந்த வழி 300 மீட்டர் என்றால் காற்றும் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. திறந்த நீர் முக்குளிப்புப் பயிற்சி கற்றுத்தரும் கடைசித் தப்பும் வழி மேலேறுவதுதான். அதை எடுத்துவிட்டால் மீதிப் பாடங்களை எல்லாம் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். முதுகில் இருக்கும் சிலிண்டரை ஆக்சிஜன் சிலிண்டர் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதில் வழக்கமாக இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று, அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜனோடு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும் நஞ்சு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். அமைதியாக நீந்துபவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொண்டால் நீர்மட்டத்தில் இரண்டு மணி நேரம் வரும். 10 மீட்டரில் ஒரு மணி நேரம். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, எனவே அரை மணி நேரம். பதற்றத்தில் மூச்சு மும்மடங்கானால் அதே 30 மீட்டரில் பத்தே நிமிடம். சிலிண்டர் அப்படியேதான் இருக்கிறது, ஆழமும் மாறவில்லை. பயம் மட்டும் புதிதாக வந்து இருபது நிமிடத்தைத் தின்றுவிட்டது.

இதற்காகத்தான் குகை முக்குளிப்பில் மூன்றிலொரு பங்கு விதி. உள்ளே போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, மூன்றாவது பங்கு கைவைக்கக் கூடாதது. தாராளமான விதி என்று தோன்றும். கொஞ்சம் யோசித்தால் அது எவ்வளவு கஞ்சத்தனமானது என்று தெரியும். இருவர் உள்ளே போகிறார்கள். மிகத் தொலைவான இடத்தில் ஒருவருடைய காற்று முழுக்கப் போய்விடுகிறது. மற்றவரிடம் இருப்பது இரண்டு பங்கு. அதை இருவரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது உள்ளே வரச் செலவழித்த அதே அளவு. கணக்கு சரியாக முடிகிறது, மிச்சம் பூஜ்யம். இருவரும் பதறாமல், வழி தவறாமல், உள்ளே வந்த அதே வேகத்தில் வெளியேறினால் மட்டுமே அது போதும். எனவே அனுபவம் உள்ளவர்கள் உள்ளே போகும் பங்கை மேலும் குறைத்துக்கொள்கிறார்கள்.

வந்த வேகத்தில் திரும்ப முடியாமல் செய்வது பெரும்பாலும் வண்டல். நீரோட்டம் குறைந்த குகையின் தரையில் காலங்காலமாகப் படிந்த நுண்மண் கிடக்கும். சாதாரண முக்குளிப்பாளர் காலை மேலும் கீழும் அடித்து நீந்துவார். துடுப்பு தள்ளும் நீர் தரையில் மோதினால் போதும், ஒரு நிமிடத்தில் சுரங்கமே மறைந்துவிடும். மூச்சுவிடும்போது எழும் குமிழிகள் கூரையில் ஒட்டிய துகள்களையும் உதிர்க்கும். சரி, தெளியட்டும் என்று காத்திருக்கலாமா? நீரில் துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குள்ள துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். அதில் பத்திலொரு பங்கு விட்டமுள்ள களிமண் துகளுக்கு நூறு மடங்கு நேரம், மூன்று நாளைத் தாண்டும். முதுகில் இருப்பதோ அரை மணி நேரக் காற்று. விளக்கைக் கூட்டினாலும் பயனில்லை. மார்கழி விடியலில் ஜிஎஸ்டி சாலையில் பனிமூட்டத்துக்குள் ஹைபீம் போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான் எழும். இங்கேயும் ஒளி துகள்களில் பட்டுத் திரும்பிக் கண்ணையே குத்தும்.

கண் போனபின் மிஞ்சுவது கை. குகைக்குள் போகும் குழு நுழைவாயிலுக்கு வெளியே, திறந்த நீரில் ஒரு மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டி, பாறைகளில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டே போகும். இருட்டில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கி அந்தக் கயிற்றைப் பற்றியபடி வெளியேற வேண்டும். வெளியே போகும் திசையைத் தடவியே அறிவதற்குக் கயிற்றில் அம்புக்குறி வில்லைகள் மாட்டியிருக்கும். கண்ணாடியை மறைத்து, கூட்டாளியின் காற்றைப் பகிர்ந்துகொண்டு, கயிற்றை மட்டும் தொட்டு வெளியே வருவதைப் பயிற்சியில் சலிக்கும்வரை செய்ய வைக்கிறார்கள்.

கயிறு நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடிப்பார், தங்கை தாலியறுக்க அவர் சம்மதிக்க மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோனது, சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. திறந்த கடலில் மச்சான் ஏற்பாட்டை மிஞ்ச எதுவுமில்லை. குகையில் அது செல்லாது. மூன்று திருப்பங்கள் கடந்ததும் இடுப்புக் கயிறு பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். உள்ளிருந்து இழுக்கும் சைகை வெளியே எட்டாது. வெளியிலிருந்து இழுத்தால் ஆள் வரமாட்டார், கயிறுதான் அறுபடும். எனவே கயிறு குகையோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது, மனிதர் அதைப் பிடித்துக்கொள்கிறார். யாரும் யாரையும் வெளியே இழுத்துவிட முடியாது.

கருவிகளும் இதே கணக்கில்தான். காற்று வழி இரண்டு, ரெகுலேட்டர் இரண்டு, விளக்கு மூன்று. கயிற்றை அறுக்கக் கத்தி, உபரி முகக்கண்ணாடி. கரையில் வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றைச் சிலிண்டர், ஒற்றை ரெகுலேட்டர் கடலுக்குப் போதுமானது. குகைக்குள் அதில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால் கதை முடிந்தது.

இந்த விதிகளை எல்லாம் யாரும் மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. பிணங்களை வைத்து எழுதினார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நிலத்தடிச் சுனைகள் ஏராளம், அங்கே 1960-களிலும் 70-களிலும் சாவுகளும் ஏராளம். ஷெக் எக்ஸ்லி என்ற கணித ஆசிரியர் விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 1979-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்று. வெளிவரை தொடரும் கயிறு இல்லை. திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்கவில்லை. அளவுக்கு மீறிய ஆழம். பயிற்சியின்மையும் போதாத விளக்கும் பின்னர் இவற்றோடு சேர்ந்தன. இறந்தவர்களில் கடல் முக்குளிப்பு கற்றுத்தரும் பயிற்றுநர்களே பலர் இருந்தார்கள் என்பதுதான் கூச்சப்பட வைத்த செய்தி. கற்றுக்குட்டி வாயிலிலேயே பயந்து நின்றுவிடுவான். கடலில் ஆயிரம் முறை இறங்கியவர் நமக்கென்ன என்று உள்ளே போவார். இன்று பல சுனைகளின் குகை வாயிலில், தண்ணீருக்கடியில், அரிவாள் ஏந்திய எலும்புக்கூட்டுப் படத்தோடு எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. பயிற்றுநரானாலும் திரும்பிப் போ என்பதே அதன் சாரம். எக்ஸ்லியும் 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவின் ஸகதோன் என்ற பெருங்குழியில் ஆழச் சாதனை முயற்சியில் உயிர்விட்டார். அவருடைய விதிகள் அதனால் பொய்யாகவில்லை.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். 2018 ஜூன் 23 அன்று பன்னிரண்டு சிறுவர்களும் கால்பந்துப் பயிற்சியாளரும் உள்ளே சிக்கினார்கள். அந்நாட்டுக் கடற்படையின் சிறப்பு வீரர்கள் இறங்கினார்கள். உடல் வலிமையில் அவர்களுக்கு நிகர் யார்? ஆனால் அவர்கள் கடலுக்குப் பழகியவர்கள். ஜூலை 2 அன்று சிறுவர்களைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ரிக் ஸ்டாண்டன், மற்றவர் கணினித் துறையில் வேலை பார்த்த ஜான் வொலாந்தன். குகை முக்குளிப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் பல பத்தாண்டு பொழுதுபோக்கு. ஜூலை 6 அதிகாலையில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான், வழியில் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது நினைவிழந்து இறந்தார். விளையாட்டு வீரரின் உடல்வாகு கொண்டவர், தானாக முன்வந்து வந்தவர்.

அந்த மீட்பில் எனக்கு இன்றும் வியப்பு தருவது அதன் கடைசிக் கட்டம். ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ், அவரும் குகை முக்குளிப்பாளர், ஒவ்வொரு சிறுவனுக்கும் கெட்டமின் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுத்து மயங்க வைத்தார். கைகளைப் பின்னால் கட்டி, முழுமுகக் கவசம் மாட்டி, ஒரு முக்குளிப்பாளர் ஒரு சிறுவன் என்று ஜூலை 8 முதல் 10 வரை வெளியே கொண்டுவந்தார்கள். பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள். அந்தத் தண்ணீரில் விழித்திருக்கும் பையன் ஒருமுறை பதறிக் கவசத்தைப் பிடுங்கினால் அவனும் போவான், அழைத்துவருபவரும் போகக்கூடும். நினைவில்லாத உடலே பத்திரமான பயணி என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள் என்றால், பயத்தை அவர்கள் எவ்வளவு பெரிய ஆபத்தாகக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள்.

அதே ஆண்டு இந்தியாவில் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. மேகாலயாவின் கிழக்கு ஜெயின்டியா மலையில், க்சான் என்ற இடத்தில், 2018 டிசம்பர் 13 அன்று நிலக்கரி எலிவளைச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை செய்த முறை அது. ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய வளைகள். உள்ளே பதினைந்து தொழிலாளர்கள். விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படை முக்குளிப்பாளர்கள் வந்தார்கள். கயிற்றில் இறங்க வேண்டிய நூறு மீட்டருக்கும் மேலான செங்குத்துக் குழி, கீழே கரி கலந்த கறுப்பு நீர், அதற்கடியில் குறுக்கும் நெடுக்குமாக வளைகள், எந்த வளை எங்கே போகிறது என்பதற்கு வரைபடமும் இல்லை. இறைக்க இறைக்கப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது. வளைக்குள் மனிதரை அனுப்பவில்லை, கேமரா பொருத்திய இயந்திரத்தை அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குப் பின், ஜனவரி 16 அன்று, சுமார் 160 அடி ஆழத்தில், வளைக்குள் 210 அடி தூரத்தில் முதல் உடல் தென்பட்டது. பெரும்பாலோர் உடல் கிடைக்கவேயில்லை. 2019 மார்ச்சில் தேடலை நிறுத்தினார்கள். கோழைத்தனம் என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அது தெரிந்தவர்களின் தீர்ப்பாகப் படுகிறது.

இனி நம் ஊர். தண்ணீர் குடைந்த குகை இல்லையே தவிர, மனிதர் வெட்டிய குழிகள் நம்மிடம் நிறைய. திரிசூலம், பல்லாவரத்தில் தொடங்கி வண்டலூருக்கு உள்ளே கீரப்பாக்கம், நல்லம்பாக்கம் வரை அந்தச் சார்னோக்கைட் பாறையை வெட்டி ஜல்லியாக்கிச் சென்னை கட்டப்பட்டது. வெட்டி முடித்த குவாரிகளில் மழைநீர் தேங்கியது. எவ்வளவு தேங்கும் என்பதற்கு ஒரு சான்று: 2017, 2019 வறட்சிகளில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கே குடிக்கக் கொடுத்தார்கள். நீலப்பச்சையாக, அலையில்லாமல், போனில் படமெடுக்க அழகாக இருக்கும். கோடை விடுமுறையில் குளிக்கப் போன மாணவர்கள் என்று தொடங்கும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது.

குவாரிக்குக் கூரை இல்லைதான். ஆனால் ஏரியைப்போல் கரை சரிவதில்லை. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஆழம் படிப்படியாகக் கூடாது. பாறை விளிம்பிலிருந்து ஓரடி வைத்தால் முப்பது, நாற்பது அடி. ஏறிவரப் பிடிமானம் இல்லாத, பாசி படர்ந்த நெட்டுச் சுவர். சோர்ந்த நீச்சல்காரருக்கு மேலே காற்று இருக்கிறது, வெளியேற வழியில்லை. அடியில் கிரஷர் தூசி. மேலே சொன்ன வண்டல் கணக்கு அப்படியே இதற்கும் பொருந்தும், ஒருவர் மூழ்கிய இடத்தில் கலங்கிய நீர் தேடுபவர் கண்ணையும் மறைக்கும். தீயணைப்புத் துறையினர் பாதாளக் கொலுசை வீசித் துழாவுவது அதனால்தான்.

இன்னொன்று, பையன்களின் பந்தயம். அடிவரை போய்க் கல்லெடுத்து வருவது யார்? முக்குளிக்கும் முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுத்தால் அதிக நேரம் தாங்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தாங்கும், அதுதான் சிக்கல். மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. வேகமூச்சு அதை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறது, ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. அபாயமணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். மேலேறும்போது நீரழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் மிச்சமுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் சரிகிறது, நீர்மட்டத்துக்குச் சற்று முன் நினைவு போகிறது. கையை ஆட்டுவதில்லை, கத்துவதில்லை. மேலிருப்பவர்கள் அவன் இன்னும் பந்தயத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிப்பான், அவனுக்காக மூன்றாமவன். மூழ்குபவர் கிடைத்ததை எல்லாம் பற்றி அதன்மேல் ஏறப் பார்ப்பார், அது நண்பனின் தலையாக இருந்தாலும். ஆகவே குதிக்காமல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் 112-க்கு அழையுங்கள். துப்பட்டா, வேட்டி, பைக்கில் மூட்டை கட்டும் கயிறு, எது கிடைத்தாலும் முடிந்து வீசுங்கள். வீசும் முன் படுத்துக்கொள்ளுங்கள், நின்றபடி இழுத்தால் விளிம்பிலிருந்து நீங்களே உள்ளே போவீர்கள். குவாரிக்குப் போகும் கூட்டத்தின் வண்டியில் பெரும்பாலும் ஒரு காலித் தண்ணீர் கேன் இருக்கும். இருபது லிட்டர் கேனை மூடி இறுக்கி மிதக்கவிட்டால் ஏறக்குறைய பத்தொன்பது கிலோ எடையைத் தாங்கும். நீரில் உடல் தானே பெரும்பாலும் மிதப்பதால் தலையை மட்டும் வெளியே நிறுத்த நான்கைந்து கிலோ போதும். அதாவது ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் தீயணைப்பு வண்டி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம், அதன்மேல் ஏற முயலாமல் இருந்தால். மூடி இல்லாத கேன் என்றால் வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும்.